நெல் பொரியும் சூடு

பிரேமிளா ரீச்சர் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறாள் என்ற கதையை முதலில் கிளப்பியது நான் இல்லை. என்னிடம் வந்த கதைக்குக் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்து அடுத்த வளவுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு, அதன்மேல் மா வறுக்கிற வறையோடு, அதற்குள் கறுப்பாய் ஏதோ ஒன்று. கலியாணமாகாத பெண், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து தனிக்கொட்டிலில் இருப்பவள், பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு சமைக்காமல் எதையோ வறுத்துக்கொண்டு நின்றால் ஸ்கந்தபுரத்தில் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கிளிநொச்சிச் சனம் முழுவதும் எங்கள் பக்கம் வந்து இறங்கியிருந்த காலம். வேலிக்கு வேலி புதுமுகம். யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் எத்தனை பானை என்று விசாரித்து முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை. அந்த நெருக்கடியிலும் ரீச்சரின் அடுப்பை நான் கவனிக்காமல் விடவில்லை. நெருப்புக் கொள்ளி கேட்கிற சாட்டில் ஒரு நாள் நேரேயே போய்விட்டேன்.

“என்ன பிள்ளை, மா வறுக்கிறியோ?”

“இல்லை நாகேசக்கா, பற்றரி வறுக்கிறன்” என்றாள் பிரேமிளா, நிமிர்ந்து பார்க்காமலே.

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். முப்பது நாற்பது செத்த ரோர்ச் பற்றரிகள் வயிறு பிளந்து கிடந்தன. தகட்டுக் கோது ஒரு பக்கம், நடுவில் இருக்கும் கரிக்குச்சி ஒரு பக்கம், உள்ளே இருந்த கறுப்புப் பொடி வறையோட்டில்.

பற்றரி வன்னிக்குள் வரக்கூடாது என்று அரசாங்கத் தடை. சவர்க்காரமும் அப்படித்தான், எப்போதாவது கண்ணில் பட்டால் உண்டு. ஆகையால் செத்த பற்றரியை எழுப்புவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கலை. சந்தியில் றேடியோ திருத்தும் வீரகத்தி அதில் பெரிய வைத்தியர். பற்றரியை வெயிலில் காயப்போடுவார், ஆணியால் குத்துவார், உப்புத்தண்ணீர் விடுவார், மெழுகால் அடைப்பார். அது எழும்பி நாலு செய்தி கேட்கவிட்டு மறுபடி செத்துப்போகும். ஆனால் பற்றரியை வயிறு கிழித்து வறுக்கிற வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதேயில்லை.

இந்தப் பெண் ஏன் இப்படி மினக்கெட்டாள் என்றால், அதற்குக் காரணம் பள்ளிக்கூட மரத்தடியில் நடந்த பெற்றோர் கூட்டம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை. ஆனாலும் பெற்றோர் கூட்டம் எதையும் நான் தவறவிட்டதில்லை.

சாதாரணதரப் பரீட்சை நன்றாகச் சித்தியடைந்த பிள்ளைகள் பதினொரு பேர் அந்த வருடம் இருந்தார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசை. படிப்பிக்க ஆள் பிரேமிளா. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, மூன்றாம் வருடத்தோடு இடப்பெயர்வில் எல்லாம் நின்றுபோய், இங்கே தொண்டர் ஆசிரியையாக இரண்டாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாட்டை நான் கேட்டிருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொறுமைசாலிகள்.

விஞ்ஞான வகுப்புக்கு அனுமதி தரவேண்டியவர் கல்வி அதிகாரி ராஜரத்தினம் சேர். வெள்ளைச் சேட்டு, கையில் காகிதக் கோவை, முகத்தில் சிரிப்பில்லை.

“ரீச்சர், கரும்பலகையிலை போத்தலைக் கீறிப்போட்டு இதுதான் பரிசோதனை எண்டு சொல்லப்போறியளோ?” என்று கூட்டத்தில் கேட்டார். “ஆய்வுகூடம் இல்லாத இடத்துக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

“ஒரு மாதம் தாங்கோ சேர். இஞ்சை கிடைக்கிற சாமானை வைச்சு இரசாயனம் செய்து காட்டுறன்.”

“புகையும் நிறமும் காட்டி என்னை ஏமாத்தேலாது. நாலு பேருக்குப் பயன்படுற சாமானாய் இருக்கவேணும்.”

“பற்றரி செய்து காட்டுறன்” என்றாள் பிரேமிளா.

எல்லோரும் சிரித்தார்கள். வீரகத்தி சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகம் எழும்பிப் பறந்தது. ராஜரத்தினம் சேர் மட்டும் சிரிக்கவில்லை. “சரி. மாதக் கடைசியிலை வாறன். சரிவராட்டி இந்தக் கதையை இதோடை விட்டுவிடவேணும். நீங்கள் உங்கடை இரண்டாம் வகுப்பிலையே இருக்கலாம்” என்று கோவையை மூடினார்.

ஆக, பதினொரு பிள்ளைகளின் படிப்பும், இந்தப் பெண் தொலைத்துவிட்டு வந்த இரசாயனமும் அந்த வறையோட்டில்தான் இருந்தன. கூட்டத்தில் கேட்டதையும் அடுப்பில் கண்டதையும் அன்றைக்குத்தான் முடிச்சுப் போட்டேன்; பிறகு கசிப்புக் கதையை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். பாதி வீடுகளிலாவது.

முதல் ஈடு கெட்டுப்போனது. அடுப்பு கொஞ்சம் கூடுதலாய் எரிந்துவிட, கறுப்புப் பொடி கபிலமாகிவிட்டது. கறிக்கு வறுத்த மல்லி போல நல்ல நிறம். நான் பாராட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

“செத்துப்போச்சு அக்கா.”

“அதே பொடிதானே பிள்ளை?”

“அதே மங்கனீசுதான். ஆனால் உள்ளுக்கு அது அடுக்கி இருக்கிற விதம் மாறிப்போச்சு. அளவான சூட்டிலை ஒரு அடுக்கு, சூடு கூடினால் வேறை அடுக்கு. கபில அடுக்கு எனக்கு உதவாது. சூடு அளக்க ஒரு வெப்பமானி இருந்தால்...”

வெப்பமானி! காய்ச்சல்காரனுக்கு வைக்கவே ஊரில் ஒன்றுதான் இருந்தது.

அப்போதுதான் அழகம்மா வந்தாள். எங்களுக்கு அடுத்த வளவு. எழுபத்தேழுக் கலவரத்தோடு மாத்தளைத் தோட்டத்திலிருந்து வந்து, காட்டை வெட்டி, கச்சானும் மிளகாயும் போட்டு வாழ்கிறவள். சவர்க்காரம் இல்லாத அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேரின் உடுப்பையும் அவள்தான் வெளுத்துக் கொடுத்தாள், அரிசிக்கும் மரக்கறிக்கும். பிரேமிளாவின் புலம்பலைக் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தாள், பொடியைப் பார்த்தாள்.

“இதுக்கு ஏன் டீச்சரம்மா சங்கடப்படுறீங்க? ஓரத்துல நாலு நெல்லு போட்டு வைங்க. முதல் நெல்லு பொரிஞ்சதும் சட்டியை இறக்கிருங்க. அதுக்கு மேல சூடு ஏறாதுல்ல?”

பிரேமிளா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரையும் அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

அதன்பிறகு பொடி கறுப்பாகவே இறங்கியது. கரிக்குச்சியைச் சுற்றிப் பொடியைத் துணிக்கிழியில் இறுக்கிக் கட்டி, ஜாம் போத்தலுக்குள் நிறுத்தி, பக்கத்தில் பற்றரிக் கோதுத் தகட்டை வைத்து, பொடியை முதன்முதல் கழுவிய தண்ணீரையே போத்தலுக்குள் ஊற்றினாள். அந்தத் தண்ணீரில்தான் வேண்டிய உப்பெல்லாம் இருக்கிறதாம். இரண்டு போத்தலைத் தொடுத்தால் ஒரு சின்ன றேடியோவுக்குக் காணும். பாடியது. அரை மணித்தியாலம் பாடியது. பிறகு ஓய்ந்தது.

“என்ரை உப்புத்தண்ணி வைத்தியம் இதைவிட நல்லம், என்ன?” என்று வீரகத்தி வேலிக்கு மேலால் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் ஈட்டில் வேலை கூடிவிட்டது. பள்ளிக்கூடமும் பார்க்கவேண்டும், அடுப்பும் பார்க்கவேண்டும். முதல் தண்ணீரை வடித்து எடுத்துக்கொண்டு, பொடியைக் கிழியாய்க் கட்டி, “இதை இன்னும் வடிவாய்க் கழுவி வறுத்துத் தாங்கோ அழகம்மா” என்று கொடுத்துவிட்டுப் போனாள். அழகம்மா மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தப் பொடியில் செய்த இரண்டு போத்தலும் பின்னேரம் முழுவதும் பாடின. அதிலும் பெரிய அதிசயம், அவை ஓய்ந்தபிறகு சைக்கிள் டைனமோவை மாட்டி மிதித்தால் மறுபடி உயிர் வந்தது. டைனமோவுக்கும் போத்தலுக்கும் நடுவில், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு சின்னச் சாமான் வேண்டும். அதை வீரகத்தியின் உடைந்த றேடியோ ஒன்றிலிருந்து கேட்டு வாங்கியிருந்தாள். “கொண்டுபோ பிள்ளை, ஊரிலை பொழுதுபோக்கும் வேணும்தானே” என்று அவர் கொடுத்தாராம்.

பிரேமிளா துள்ளினாள். நாலாம் ஈட்டைத் தானே பார்த்துப் பார்த்துக் கழுவினாள். ஒரு நெல் பொரிந்ததும் இறக்கினாள். போத்தலில் வைத்தாள்.

அரை மணித்தியாலம். ஓய்ந்தது. மிதித்துப் பார்த்தாள். உயிர் வரவில்லை.

ஐந்தாம் ஈடும் அப்படியே. மூன்றாம் ஈட்டில் என்ன நடந்தது என்று கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நெல் சரி, நேரம் சரி, பொடி சரி. “எப்பிடிச் செய்தனீங்கள்?” என்று அழகம்மாவைக் கேட்டால், “நீங்க சொன்ன மாதிரித்தாங்க கழுவினேன்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். ராஜரத்தினம் சேர் வர இன்னும் ஆறு நாள். செய்து முடித்த மூன்றாம் ஈட்டுப் போத்தல் ஒன்று கைதவறி உடைந்தும் போனது. ஒற்றைப் போத்தலால் றேடியோ முனகக்கூட மாட்டாது.

அந்த நேரத்தில்தான் என் சீலை வந்து சேர்ந்தது.

வெள்ளைக் கொட்டன் சீலை. கோயிலுக்கு மட்டும் உடுக்கிறது. வெளுக்கக் கொடுத்தது திரும்பி வந்தபோது முந்தானை முழுவதும் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாய் இருந்தது, அம்மை போட்டதுபோல. அள்ளிக்கொண்டு அழகம்மா வீட்டுக்குப் போனேன்.

“என்ன அழகம்மா இது? இது என்ரை சீலையோ, புள்ளிமானோ?”

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைச் சமைக்கிற குசினிக்குள் இழுத்தாள். அங்கே அவளுடைய பெரிய மண்பானை. தென்னம்மட்டை, தேங்காய்ப் பொச்சு எல்லாம் எரித்த சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீர். அதுதான் அவளுக்குச் சவர்க்காரம்.

“டீச்சரம்மா வடிவா கழுவச் சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க, வெறும் தண்ணியில எந்தக் கறுப்பு போகும்? இந்தச் சாம்பத்தண்ணியில ரெண்டு நாள் ஊறப்போட்டேன். கறுப்பு போகல. தண்ணியில பொடி கசிஞ்சு அதே பானையில முக்கின ஒங்க சீலையில ஒட்டிக்கிச்சு. அப்படியே வழிச்சு எடுத்து வறுத்துக் குடுத்துட்டேன்.” கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லிராதீங்கக்கா. சாமானைக் கெடுத்துப்புட்டேன்னு டீச்சரம்மா மனசு நொந்துருவாங்க. ஏற்கெனவே அழுவுறாங்க.”

சொல்லாதே என்று என்னிடம் சொல்கிறாள், பாருங்கள். இருபது வருடமாய் என் பக்கத்து வளவில் இருக்கிறவள்.

சீலையைக்கூட அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வழியில் இரண்டு பேர் “என்ன நாகேசக்கா?” என்று கேட்டும் நிற்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு செய்தியை வழியில் இறக்காமல் உரிய இடத்துக்கு நேரே கொண்டுபோய்ச் சேர்த்தது அன்றுதான்.

பிரேமிளா கேட்டாள். அப்படியே எழும்பி நின்றாள்.

“பொற்றாசியம்!” என்றாள். “ஐயோ அக்கா, தென்னஞ்சாம்பலிலை பொற்றாசியம்!”

பிறகு எனக்கு விளக்கம் சொன்னாள். மண்ணில் கீறியும் காட்டினாள். முதல் இருந்த பொடிக்குள் சுரங்கம் மாதிரி ஒடுங்கிய வழிகள்தான் இருந்தனவாம். சாம்பல் தண்ணீரில் ஊறி, அளவான சூடும் பட்டபோது அது தட்டுத் தட்டாய் அடுக்கின பொருளாய் மாறிவிட்டதாம். கண்ணுக்குத் தெரியாத, காகிதத்தைவிட மெல்லிய தட்டுகள்.

“தட்டுக்கும் தட்டுக்கும் நடுவிலை பொற்றாசியமும் கொஞ்சத் தண்ணியும் நிண்டு, ஒண்டோடை ஒண்டு ஒட்டவிடாமல் விலத்திப் பிடிக்குது அக்கா. றேடியோ பாடேக்கை தகட்டிலையிருந்து கரைஞ்சது அந்த இடைவெளிக்குள்ளை போய் இருக்கும். சைக்கிள் மிதிச்சால் வெளியிலை வந்திடும். வீடு இடியாது. சூடு கூடினால்தான் தண்ணியும் போய், அடுக்கும் குலைஞ்சு, கபிலமாய்ப் போகும்.”

“விளங்குது பிள்ளை” என்றேன். “புதுசாய்க் கலியாணம் முடிச்சதுகளுக்கு நடுவிலை மாமி பாய் போட்டுப் படுக்கிற மாதிரி.”

மண்ணில் கீறியதை அவள் ஒருமுறை பார்த்தாள். “ஓம் அக்கா” என்றாள். “கிட்டத்தட்ட அதுதான்.”

அழகம்மாவை நான் போய்க் கூட்டிவந்தேன். ஏச்சு விழப்போகிறது என்று தலைகுனிந்து வந்தவளை பிரேமிளா கட்டிப்பிடித்தாள். இருவருமாய் அன்றைக்கே பொடியை ஊறப்போட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் மிச்சம் சாம்பல் இல்லை. நான்தான் போய் வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் முழு இரசாயனமும் சொன்னேன், மாமியோடு சேர்த்து.

சேர் வந்த நாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மரத்தடியில் ஊரே நின்றது. மேசையில் இரண்டு ஜாம் போத்தல், கறுத்த கிழி இரண்டு, பக்கத்தில் இரண்டு பற்றரி போடுகிற அழகம்மாவின் பழைய றேடியோ. வீரகத்தி தன் றேடியோவையும் கொண்டுவந்து போட்டிக்கு வைத்தார், வெயிலில் காய்ந்து உப்புத்தண்ணீர் குடித்த பற்றரிகளோடு. பதினொரு பிள்ளைகளும் வரிசையாய் நின்றார்கள்.

இரண்டு றேடியோவும் பாடின. கொழும்பிலிருந்து யாரோ ஒரு பெண் வாசனைச் சவர்க்காரத்தின் பெருமையைப் பாடிப் பாடிச் சொன்னாள். சாம்பல் தண்ணீரில் வெளுத்த உடுப்போடு நின்று நாங்கள் எல்லோரும் மரியாதையாய்க் கேட்டோம்.

நாற்பதாவது நிமிடம் வீரகத்தியின் றேடியோவில் செய்தி வாசித்தவருக்கு நித்திரை வந்தது. குரல் இழுத்து இழுத்து, கொட்டாவி விட்டு, அடங்கியது.

“அது நல்ல பற்றரி இல்லை” என்றார் வீரகத்தி.

பிரேமிளாவின் போத்தல்கள் பத்து மணியைத் தாண்டின. பதினொன்றைத் தாண்டின. பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டுக்குச் சற்று முன்னே குரல் மெலிந்தது. பிறகு கரகரத்தது. பிறகு ஒன்றுமில்லை.

ராஜரத்தினம் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். “மூண்டு மணித்தியாலம். கெட்டித்தனம்தான் ரீச்சர். ஆனால் இதுவும் செத்த பற்றரியைக் கொஞ்ச நேரம் எழுப்பினதுதானே? வீரகத்தி செய்யிறதைக் கொஞ்சம் திறமாய்ச் செய்திருக்கிறியள். இதை வைச்சு ஒரு விஞ்ஞானப் பிரிவு...” கோவையை மூடினார்.

பிரேமிளா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். 

“சேர், அது சாகேல்லை. இன்னும் அரை மணித்தியாலம் இருங்கோ. வீரகத்தி அண்ணை, நீங்கள் வந்து சைக்கிளை மிதியுங்கோ.”

“நானோ? என்னத்துக்கு?”

“நீங்கள் மிதிச்சால் பிறகு ஆரும் பொய் எண்டு சொல்ல ஏலாது.”

ஊர் முன்னால் மறுக்க முடியாமல் வீரகத்தி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நிறுத்தியில் நின்ற சைக்கிளில் ஏறினார். பின்சில்லு சுழன்றது, டைனமோ இரைந்தது. பத்து நிமிடத்தில் முதுகு நனைந்தது. இருபதாவது நிமிடம், “இந்த மிதிக்கு நான் இப்ப மாங்குளம் போய்ச் சேர்ந்திருப்பன்” என்றார்.

“மிதி, மிதி! வரேக்கை பலாப்பழம் வாங்கிக்கொண்டு வா!” என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

ராஜரத்தினம் சேர் பொறுமை இழந்தார். “ரீச்சர், சைக்கிள் மிதிச்சு றேடியோ கேக்கிறது வன்னியிலை குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்.”

“ஓம் சேர். அதாலைதான் மிதிக்கேக்கை நான் றேடியோவைப் போடேல்லை. அண்ணை, இறங்குங்கோ.”

வீரகத்தி இறங்கினார். பிரேமிளா டைனமோக் கம்பியைக் கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, தூரத்தில் போட்டாள். சில்லு தன்பாட்டில் சுற்றி மெல்ல நின்றது. நின்றபிறகுதான் றேடியோவைத் திருப்பினாள்.

ஒன்றுமில்லை.

 ராஜரத்தினம் சேர் கோவையைக் கையில் எடுத்தார்.

“அது வயசான றேடியோங்க” என்று சொல்லிக்கொண்டு அழகம்மா முன்னே வந்து, அதன் முதுகில் உரிமையோடு ஒரு தட்டுத் தட்டினாள்.

பாட்டு வெடித்துக்கொண்டு வந்தது. நாயனமும் தவிலுமாய், காலையில் இருந்ததைவிடப் பெரிய சத்தத்தில். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாட்டும் கேட்கவில்லை. வீரகத்தி வாயைத் திறந்தபடி போத்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார். கம்பி இல்லை, சில்லு இல்லை, ஒளித்து வைத்த பற்றரி இல்லை.

“நான்தான் மிதிச்சனான்” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். “என்ரை மிதிதான் உதுக்குள்ளை இருக்குது!” அந்த நிமிடத்திலிருந்து அவர் எங்கள் கட்சி.

ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. றேடியோ நிற்கவில்லை. ராஜரத்தினம் சேர் மத்தியானச் சாப்பாட்டை மறந்து போத்தலுக்கு முன்னால் குந்தியிருந்து கேள்வி கேட்டார். ஏன் சாம்பல்? ஏன் கபிலமாகக்கூடாது? எத்தனை தரம் மிதிக்கலாம்? பதினொரு பிள்ளைகளும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். வறுக்கிற சூட்டை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டபோது மட்டும் பிள்ளைகள் விலகி அழகம்மாவை முன்னுக்குத் தள்ளினார்கள்.

“நெல்லு பொரியுற சூடுங்க ஐயா” என்றாள் அவள். “அதுக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

சேர் அதைக் கொப்பியில் எழுதினார். எழுதும்போது அவர் சிரித்ததை நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். நம்பாதவர்கள் வீரகத்தியைக் கேட்கலாம்.

மூன்று மணிக்குக் கோவையைத் திறந்து அனுமதிப் படிவத்தை எடுத்தார். பாடம்: இரசாயனவியல். ஆசிரியர்: செல்வி பிரேமிளா. மாணவர்: பதினொருவர். ஒவ்வொன்றையும் உரத்து வாசித்தே எழுதினார். ஓர் இடத்தில் பேனை நின்றது.

“ஆய்வுகூடம் அமைந்துள்ள இடம்” என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “இதை எங்கை ஊறப்போட்டனீங்கள்?”

“நம்ம குசினியிலங்க” என்றாள் அழகம்மா.

அவர் எழுதினார்: ‘திருமதி அழகம்மா அவர்களின் குசினி, ஸ்கந்தபுரம்.’ கீழே கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, பிரேமிளாவின் கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாந்தரம் வாசிக்கக் கண்ணீர் விடவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு. ஆய்வுகூடத்துக்கு என் வாசல் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். விளக்குமாற்றோடு முன்னுக்கு நின்று எண்ணினேன். பதினொரு பேர் அல்ல, பதினான்கு பேர் போனார்கள். மேலதிகமான மூன்று பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குச் சைக்கிள் மிதித்து வந்தார்கள் என்பதையெல்லாம் பத்து மணிக்குள் நான் அறிந்து முடித்துவிட்டேன்.